திடலில் விழா, வாசலில் நீலத் தாள்: இங்கிலாந்துக் கிராம மைதானங்களுக்கு எதற்கு லைசன்ஸ்?

இங்கிலாந்தில் ஒரு கிராமத்து விளையாட்டுத் திடலின் வாசலில் லைசன்ஸ் கேட்டு விண்ணப்பித்திருப்பதை ஊராருக்கு அறிவிக்கும் வெளிர்நீலத் தாள் ஒன்று தொங்கினால் போதும், அந்த வாரமே ஊர் இரண்டுபடும். "இனி விடிய விடியக் குடியும் கூச்சலும்தான்" என்பார்கள் திடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள். "ஆண்டுக்கொரு ஊர்விழா நடத்தவும் இத்தனை தடையா?" என்பார்கள் விழாக் குழுவினர். 2025 மே மாதம் லண்டனின் பிராக்வெல் பூங்கா விழாக்களைப் பற்றி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின் குழப்பம் இன்னும் கூடியது. அந்த வழக்கு லைசன்ஸைப் பற்றியதே இல்லை, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கான திட்ட அனுமதியைப் பற்றியது. செய்தியில் படித்த பலரும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே வாழும் தமிழர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோடையில் விளையாட்டு விழா, கிரிக்கெட் போட்டி, கால்பந்துப் போட்டி என்று நடத்துவது இத்தகைய திடல்களில்தான். மைக், பாட்டு, உணவுக் கடை, சில இடங்களில் பியர் கூடாரம் என்று எல்லாம் சேர்ந்து வரும். எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரியாமல் கடைசி வாரத்தில் ஓடுகிற குழுக்கள் நிறைய.

எல்லாரும் பயப்படுகிற அந்த நீலத் தாள்தான் ஊராருக்கு வாய் திறக்க இடம் தருகிறது. யாரும் கவனிக்காத இன்னொரு படிவம் அந்த இடத்தைத் தருவதில்லை. இதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வருவோம்.

திடல் யாருடையது?

சட்டத்தைப் புரட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. பார்ப்பதற்கு எல்லாத் திடலும் ஒன்றுதான்: கோல் கம்பங்கள், ஊஞ்சல், ஓரத்தில் ஒரு சிறு கட்டடம். உடைமை மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

1. பாரிஷ் கவுன்சிலுக்குச் சொந்தமானவை. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மிகக் கீழ்நிலை உள்ளாட்சி அமைப்பு இது. இங்கிலாந்தில் இப்படிச் சுமார் 10,000 மன்றங்கள் இருக்கின்றன.

2. அறக்கட்டளையின் பேரில் இருப்பவை. "ஊராரின் பொழுதுபோக்குக்காக" என்று யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த நிலம். பொறுப்பாளர் குழு ஒன்று நடத்தும். சில ஊர்களில் பாரிஷ் கவுன்சிலே அந்த அறக்கட்டளையின் ஒரே பொறுப்பாளராகவும் இருக்கும். அப்போது கவுன்சிலர்கள் தங்கள் பட்ஜெட்டை மனத்தில் வைத்து முடிவெடுக்கக் கூடாது, அறக்கட்டளையின் நோக்கத்தையே பார்க்க வேண்டும்.

3. கிங் ஜார்ஜ் திடல்கள். 1936இல் இறந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நினைவாக நாடெங்கும் 471 திடல்கள் உருவாயின. வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கமும் மறுபக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரையும் பதித்த பலகைகளை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இவற்றை விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பத்திரமே கட்டுப்படுத்தும். 1925இல் தொடங்கிய, இன்று ஃபீல்ட்ஸ் இன் ட்ரஸ்ட் என்று அழைக்கப்படும் அமைப்பு இவற்றைக் கண்காணிக்கிறது.

4. பதிவு பெற்ற கிராமப் பசுந்திடல், அதாவது வில்லேஜ் கிரீன். 1857, 1876ஆம் ஆண்டுச் சட்டங்கள் இதற்குத் தனிப் பாதுகாப்புத் தருகின்றன. ஊராரின் பயன்பாட்டுக்குக் குறுக்கே எதையும் எழுப்புவது இங்கே குற்றம். பெரிய மேடையும் சுற்றுவேலியும் போட நினைப்பவர்கள் இந்தப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நிலம் யாருடையதாக இருந்தாலும், லைசன்ஸ் தருவது பாரிஷ் கவுன்சில் அல்ல. அதற்கு மேலே உள்ள டிஸ்ட்ரிக்ட், பரோ அல்லது ஒற்றையடுக்குக் கவுன்சில்தான் உரிம அதிகாரி. பாரிஷ் கவுன்சிலும் மற்றவர்களைப் போல விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஊர்க் கூட்டங்களில் பாதிச் சண்டை, யாரிடம் கேட்பது என்று தெரியாமலே நடக்கிறது.

சட்டம் எதைத் தொடுகிறது?

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துவது லைசன்சிங் சட்டம், 2003. 2005 நவம்பர் 24இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு சட்டங்கள். அங்கே இந்தக் கணக்குகள் செல்லாது.

சட்டம் "விழா"வுக்கு உரிமம் கேட்பதில்லை. குறிப்பிட்ட சில செயல்களுக்கு மட்டுமே கேட்கிறது: மது விற்பது, கிளப் தன் உறுப்பினர்களுக்கு மது வழங்குவது, ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கேளிக்கை (இசை, நடனம், நாடகம் போன்றவை), இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை சூடான உணவோ பானமோ விற்பது. சட்டத்தின் பார்வையில் "வளாகம்" என்பது எந்த இடமாகவும் இருக்கலாம்; வெறும் புல்வெளியும் வளாகமே.

எந்த முடிவெடுத்தாலும் நான்கு நோக்கங்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும்: குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல். இந்த நான்குக்கும் வெளியே நிற்கிற எந்த வாதமும் எடுபடாது. எதிர்ப்பு எழுதும் பகுதிக்கு வரும்போது இது முக்கியமாகும்.

உரிமமே வேண்டாதவை

2012 தொடங்கி 2015வரை பல படிகளாகச் சட்டம் தளர்ந்தது. பல விழாக் குழுக்கள் இன்னும் பழைய கணக்கிலேயே இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1. வெளிப்புற விளையாட்டு. ஓட்டப்பந்தயம், கிரிக்கெட், கயிறிழுத்தல் எதற்கும் இந்தச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்றவை மட்டும் வெளியில் நடந்தாலும் உரிமத்துக்குள் வரும்.

2. ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசை. காலை 8 முதல் இரவு 11 வரை, எங்கேயும், எத்தனை பேர் கேட்டாலும். நாதசுரமும் தவிலும் மைக் இல்லாமல் வாசித்தால் இதற்குள் அடங்கும். அதே வாத்தியங்களுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினால் நிலைமை வேறு.

3. நாடகமும் நடனமும். அதே நேரத்துக்குள், பார்வையாளர் 500 பேருக்கு மிகாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். நடனத்துக்காக ஒலிபெருக்கியில் போடும் பாட்டின் நிலையை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

4. வேறொன்றுக்குத் துணையாக ஒலிக்கும் இசை. இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே மெல்லப் போடும் பாட்டு இந்த வகை. ஓட்டம் முடிந்து, எல்லாரும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து, பாட்டுக் கச்சேரி தொடங்கிவிட்டால் அது துணை இசை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மைக்கில் "மூன்றாம் இலக்க வீரர் முன்னால் வருகிறார்" என்று அறிவிப்பது இசையே இல்லை என்பதால் அதில் சிக்கலில்லை.

5. தோட்ட விழா போன்ற நிகழ்ச்சிகள். வருமானத்தில் ஒரு பகுதியும் தனியார் லாபத்துக்குப் போகாத வகையில் நடந்தால், அங்கே நடக்கும் கேளிக்கைக்கு உரிமம் வேண்டாம். மது விற்பனைக்கு இந்த விலக்கு இல்லை.

6. உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குச் சொந்தமான இடத்தில், கவுன்சிலின் சம்மதத்தோடு, 500 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு, காலை 8 முதல் இரவு 11 வரை நடக்கும் இசை. ஒலிபெருக்கி இருந்தாலும் சரி, பதிவுசெய்த இசையானாலும் சரி.

உடைமையை முதலில் கேட்டதன் காரணம் இந்த ஆறாவது விலக்குதான். திடல் கவுன்சிலுடையதென்றால் ஒரு மாலைக் கச்சேரி ஒரு சம்மதக் கடிதத்தோடு முடிந்துபோகலாம். அதே அளவு திடல், அதே பாட்டு, அதே கூட்டம்; ஆனால் நிலம் அறக்கட்டளையின் பேரில் இருக்கிறதென்றால் அந்த வழி அடைபடும். கிராம மண்டபங்களுக்கு இதேபோல ஒரு விலக்கு உண்டு. அது கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மண்டபத்துக்கு வெளியே உள்ள புல்வெளிக்கும் அது பொருந்தும் என்று நினைத்து மேடை போட்டுவிட வேண்டாம்.

மதுவில் மறைந்திருக்கும் விற்பனை

விழாக் குழுக்கள் அறியாமல் சட்டத்தை மீறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காசு வாங்கிக்கொண்டு பியர் கொடுத்தால் விற்பனை என்று எல்லாருக்கும் தெரியும். "டிக்கெட் 15 பவுண்டு, அதில் ஒரு கிளாஸ் வைன் இலவசம்" என்பதும் விற்பனையே. "பானம் இலவசம், நன்கொடை உங்கள் விருப்பம்" என்று எழுதிவைத்து, நன்கொடை போடாதவருக்குக் கிளாஸ் நீளாதென்றால் அதுவும் விற்பனைதான். தொகை தொண்டுக்குப் போகிறது என்பதால் நிலைமை மாறாது.

விருந்தினர் அவரவர் வீட்டிலிருந்து எடுத்துவந்து குடிப்பதற்கு இந்தச் சட்டத்தில் உரிமம் வேண்டாம்; திடல் உரிமையாளர் தடுத்திருக்கிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும். தனியார் லாபமில்லாத விழாவில் குலுக்கல் பரிசாக மூடி திறக்காத பாட்டிலைக் கொடுப்பதற்கும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

உரிமமில்லாமல் உரிமத்துக்குரிய செயலை நடத்தினால் ஆறு மாதம்வரை சிறை, வரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும். சங்கத்தின் பெயரில் நடந்தாலும், பொறுப்பேற்று நடத்திய மனிதரையே சட்டம் தேடிவரும். நல்ல மனத்தோடு செயலாளர் பதவியை ஏற்றுக்கொள்கிற இளைஞருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது மூத்தவர்களின் கடமை என்பது என் எண்ணம்.

டென்: சிறு விழாவின் வழி

டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் என்பதைச் சுருக்கி எல்லாரும் "டென்" என்பார்கள். இது அனுமதி கேட்கும் விண்ணப்பம் இல்லை. "இன்ன நாளில், இன்ன இடத்தில், இதைச் செய்யப்போகிறேன்" என்று கவுன்சிலுக்குத் தரும் அறிவிப்பு. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் விழா நடக்கலாம். கட்டணம் 21 பவுண்டு. 18 வயது நிரம்பிய யாரும் கொடுக்கலாம்.

வரம்புகள்:

1. ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தொண்டர்கள், கடைக்காரர்கள், மேடையில் நிற்பவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்வார்கள்.

2. ஒரு டென் அதிகபட்சம் 168 மணி நேரத்துக்குச் செல்லும். அதே இடத்தில் அதே நபர் கொடுக்கும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே 24 மணி நேர இடைவெளி வேண்டும். மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ அடுத்த டென்னைக் கொடுத்து இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. நெருங்கிய உறவினர் கொடுப்பதும் அவரே கொடுத்ததாகவே கொள்ளப்படும்.

3. ஒரு வளாகத்துக்கு ஆண்டில் 15 டென், மொத்தம் 21 நாள். கோவிடுக்குப்பின் 2022, 2023 ஆண்டுகளில் மட்டும் இது 20 டென், 26 நாள் என்று உயர்த்தப்பட்டிருந்தது. பழைய இணையப் பக்கங்களில் அந்த எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். நள்ளிரவைத் தாண்டும் விழா இரண்டு நாளாக எண்ணப்படும்.

4. மது விற்பதற்கான தனிநபர் உரிமம் இல்லாதவர் ஆண்டில் 5 டென் கொடுக்கலாம், உள்ளவர் 50.

நாள் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். விழாவுக்குக் குறைந்தது பத்து வேலை நாள் முன்னதாக டென் கவுன்சிலின் கையில் இருக்க வேண்டும். கிடைத்த நாளும் விழா நாளும் கணக்கில் சேராது. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறையும் சேராது. 2026 ஜூலை 11, சனிக்கிழமை விழா என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 10 வெள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பத்தாவது வேலை நாள் ஜூன் 29, திங்கள். ஆகவே ஜூன் 26, வெள்ளிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். "இரண்டு வாரம் இருக்கிறதே" என்று ஜூன் 27 சனிக்கிழமை உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர் தாமதித்துவிட்டார்.

தாமதித்தவர்களுக்கு "லேட் டென்" உண்டு: ஐந்திலிருந்து ஒன்பது வேலை நாளுக்குள். மேற்சொன்ன விழாவுக்குக் கடைசி நாள் ஜூலை 3. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வழக்கமான டென்னுக்கு ஆட்சேபம் வந்தால் விசாரணை நடக்கும், பேசித் தீர்க்கலாம். லேட் டென்னுக்கு ஒரே ஓர் ஆட்சேபம் வந்தாலும் விழா ரத்து, விசாரணையும் இல்லை. தனிநபர் உரிமம் இல்லாதவர் ஆண்டில் இரண்டு லேட் டென்தான் கொடுக்க முடியும். அதுவும் மேற்சொன்ன ஐந்துக்குள் அடக்கம்.

499 என்ற வரம்பைப் பார்த்துப் பெரிய விழாக் குழுக்கள் மனந்தளர வேண்டியதில்லை. டென் முழுத் திடலுக்குமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஓட்டப்பந்தயத்துக்கு உரிமமே வேண்டாம். மது விற்கும் கூடாரத்துக்கு மட்டும் எல்லை குறித்து, அதற்கு மட்டும் டென் கொடுக்கலாம். அப்போது 499 பேர் என்பது அந்தக் கூடாரத்துக்குள் இருப்பவர்களின் கணக்கு. ஆனால் எல்லை வரைபடத்தில் மட்டும் இருந்தால் போதாது. கயிறு கட்டி, வாசலில் ஆளை நிறுத்தி, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ண வேண்டும். போலீஸார் வந்து கேட்டால் எண்ணைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

டென்னுக்கு ஆட்சேபம் சொல்லும் உரிமை இரண்டே தரப்புக்குத்தான்: போலீஸ், கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. அவர்களுக்கும் மூன்று வேலை நாள் அவகாசம்தான். திடலுக்கு எதிர்வீட்டில் இருப்பவருக்கு அறிவிப்பு வராது. கருத்துச் சொல்லவும் இடமில்லை. வாசலில் எந்தத் தாளும் தொங்காது.

வளாக உரிமம்: நீலத் தாளின் வழி

அடிக்கடி விழா நடக்கும் திடலுக்கும், ஒரே நேரத்தில் 499 பேரைத் தாண்டும் நிகழ்ச்சிக்கும் வளாக உரிமம், அதாவது பிரெமிசஸ் லைசன்ஸ் வேண்டும். காலவரையின்றியும் வாங்கலாம், ஒரு குறிப்பிட்ட விழாவுக்கு மட்டுமாகவும் வாங்கலாம். கட்டணம் சொத்தின் வரி மதிப்பைப் பொறுத்தது. வரி மதிப்பே இல்லாத திடல் மிகக் குறைந்த படியில் வரும்: விண்ணப்பத்துக்கு 100 பவுண்டு, பிறகு ஆண்டுக்கு 70. ஒரே நேரத்தில் 5,000 பேரையும் தாண்டும் நிகழ்ச்சிக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரமும் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் அந்தச் செலவே விண்ணப்பக் கட்டணத்தை மிஞ்சும்.

அந்த நீலத் தாளைச் சற்று நின்று படித்துப் பாருங்கள். ஏ4 அளவோ அதைவிடப் பெரியதோ இருக்க வேண்டும். எழுத்தின் அளவு 16க்குக் குறையக் கூடாது. திடல் பெரியதென்றால் சாலையை ஒட்டிய எல்லை நெடுக ஐம்பது மீட்டருக்கு ஒரு தாள் கட்ட வேண்டும். 28 நாள் தொங்க வேண்டும். யார் கேட்கிறார்கள், என்னென்ன செயல்களுக்குக் கேட்கிறார்கள், முழு விண்ணப்பத்தை எங்கே பார்க்கலாம், எந்தத் தேதிக்குள் கருத்து எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால் அது ஊராருக்கு எழுதப்பட்ட கடிதம். மூலையில் ஒரே ஒரு தாளைக் கட்டி, மழையில் எழுத்து அழிந்துபோக விட்டிருந்தால், அதையே குறையாகக் கவுன்சிலிடம் சொல்லலாம்.

28 நாளுக்குள் யாரும் கருத்து எழுதலாம். இன்ன தூரத்துக்குள் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. போலீஸ், தீயணைப்பு, சுற்றுச்சூழல் சுகாதாரம், திட்டமிடல், சிறுவர் பாதுகாப்பு போன்ற துறைகளுக்கும் விண்ணப்பத்தின் நகல் போகும். பொருத்தமான எதிர்ப்பு வந்தால் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட துணைக்குழு விசாரிக்கும். உரிமத்தை மறுக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை போடலாம். முடிவு பிடிக்காதவர் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். உரிமம் வழங்கப்பட்ட பின்னாலும், தொல்லை நிற்காவிட்டால் மறுஆய்வு கேட்கும் உரிமை குடியிருப்போருக்கு இருக்கிறது.

மதுவோடு சேர்ந்து வரும் இசை

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் ஓர் ஓட்டை இருக்கிறது. நிபந்தனைகளைப் பார்த்து நிம்மதியடைந்த கிராமங்கள் பின்னால் இங்கேதான் அதிர்ச்சியடைகின்றன.

2012இல் நடைமுறைக்கு வந்த லைவ் மியூசிக் சட்டமும் 2015இல் அது விரிக்கப்பட்ட விதமும் சொல்வது இது: அங்கேயே குடிப்பதற்கு மது விற்கும் வளாக உரிமம் ஓர் இடத்துக்கு இருந்து, மது விற்பனை நடந்துகொண்டும் இருந்தால், காலை 8 முதல் இரவு 11 வரை 500 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு ஒலிபெருக்கி இசைக்குத் தனி உரிமம் வேண்டாம். அந்த நேரத்துக்கு, உரிமத்தில் இசை குறித்து எழுதியிருக்கும் நிபந்தனைகளும் செயலற்றுப்போகும்.

மது விடுதிகளில் சிறு இசைக்குழுக்கள் பாடுவதற்கு வழிசெய்யவே இந்த ஏற்பாடு வந்தது. நல்ல நோக்கம். ஆனால் சுவர்கள் உள்ள விடுதிக்கும், நாலு பக்கமும் வீடுகள் பார்த்திருக்கும் திறந்த புல்வெளிக்கும் சட்டம் ஒரே அளவுகோலை வைத்துவிட்டது. "இசை மாலை ஏழு மணியோடு நிற்கும்" என்ற நிபந்தனையை நம்பி எதிர்ப்பைத் திரும்பப் பெற்ற குடியிருப்போர், அந்த வரி 500 பேருக்குட்பட்ட நிகழ்ச்சியில் 11 மணிவரை செல்லாது என்பதைப் பிறகுதான் அறிவார்கள். மறுஆய்வில் துணைக்குழு அந்த நிபந்தனைகளுக்கு உயிர்கொடுக்கலாம். அதற்குள் ஒரு கோடை போய்விடும்.

ஆகவே இசை நேரத்தை விட, மது நேரத்தையும் மது விற்கும் நாட்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தக் கேட்பதே பலன் தரும். மது விற்பனை இல்லாத நாளில் இந்தத் தளர்வு எழாது. "ஆண்டில் ஆறு நாள் மட்டும், பகல் 12 முதல் இரவு 8 வரை" என்று மது விற்பனையை எழுதிவிட்டால் இசையும் அந்த எல்லைக்குள் வந்து நின்றுவிடும்.

எது ஊருக்கு நல்லது?

ஆண்டில் ஒன்றிரண்டு விழா மட்டும் என்றால் டென் போதும். யாரும் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு விழா நடக்கிற திடலில், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயரில் டென் கொடுத்துக்கொண்டு போவது ஊருக்கு நியாயமில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு விழாவும் தனியாகப் பார்த்தால் சிறியது. சேர்த்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லை. ஏற்கெனவே வளாக உரிமம் உள்ள இடமாக இருந்தால் அதன் நிபந்தனைகளை டென்னுக்கும் நீட்டிக்கக் கவுன்சிலால் முடியும், அதுவும் ஆட்சேபம் வந்தால் மட்டும். உரிமமில்லாத திடலில் அதுவும் முடியாது.

வளாக உரிமம் கேட்கிற பாரிஷ் கவுன்சில் விண்ணப்பத்திலேயே நாள் எண்ணிக்கை, முடியும் நேரம், விழா நாளில் யார் தொலைபேசியை எடுப்பார் என்பதையெல்லாம் எழுதிக்கொடுத்தால், அது கட்டாய நிபந்தனையாக மாறும். ஊரைக் கூட்டி முன்னதாகவே பேசிவிட்டு அப்படி எழுதுகிற கவுன்சிலுக்குப் பெரும்பாலும் விசாரணை மேசைக்கே போக வேண்டிவராது.

லைசன்ஸ் மட்டும் போதாது

உரிமம் கையில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக:

1. நில உரிமையாளரின் சம்மதம். டென் கொடுப்பதற்கு உரிமையாளர் ஒப்புதல் வேண்டும் என்று லைசன்சிங் சட்டம் கேட்பதில்லை. ஆனால் சம்மதமில்லாமல் திடலில் கால்வைத்தால் அது வேறு சட்டப்படி அத்துமீறல். காப்பீட்டுச் சான்று இல்லாமல் கவுன்சில்கள் பெரும்பாலும் சம்மதம் தருவதில்லை.

2. திட்ட அனுமதி. பிராக்வெல் வழக்கு இங்கேதான் வருகிறது. நிலத்தை ஆண்டில் 28 நாள்வரை வேறு பயன்பாட்டுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கத் திட்ட அனுமதி தேவையில்லை. சந்தை போன்றவற்றுக்கு 14 நாள்தான். லண்டனின் லாம்பெத் கவுன்சில், அந்தப் பூங்காவில் நடக்கும் விழாக்கள் இந்த வரம்புக்குள் அடங்கும் என்று சான்று கொடுத்தது. ஆண்டின் மொத்தப் பயன்பாடு 28 நாளைத் தாண்டுவதால் அந்தச் சான்று செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. கோடை விழாக்கள் அதற்காக நின்றுவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு விழாவையும் தனித்தனியாக எண்ணித் தப்பிக்க முடியாது என்பது தெளிவாயிற்று. வேலி நடும் நாளும் மேடை பிரிக்கும் நாளும் கணக்கில் வரும் என்பதைக் கிராமத் திடல்களும் குறித்துக்கொள்ள வேண்டும்: ஒரு நாள் விழா, நான்கு நாள் வேலி என்றால் எண்ணிக்கை ஐந்து.

3. சத்தம். உரிமமே தேவைப்படாத இசையானாலும், 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி தொல்லை என்று கண்டால் கவுன்சில் தடை அறிவிப்புக் கொடுக்கலாம்.

4. பாட்டுக்கான பதிப்புரிமை. பொது இடத்தில் பாட்டுப் போடுவதற்கான இசை உரிமம் தனி. இதை பிபிஎல் பிஆர்எஸ் நிறுவனம் தருகிறது. கவுன்சில் லைசன்ஸ் இதற்கு ஈடாகாது.

5. உணவுக் கடை. தொழிலாக நடத்துபவர்கள் தொடங்குவதற்கு 28 நாள் முன்னதாகவே கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கொத்துரொட்டிக் கடை இரவு 11ஐத் தாண்டி ஓடினால் அதுவே உரிமத்துக்குரிய செயலாகிவிடும்.

6. வாணவேடிக்கை. வழக்கமாக இரவு 11 மணிக்குப்பின் வெடிக்கக் கூடாது. தீபாவளி, புத்தாண்டு போன்ற சில இரவுகளில் மட்டும் ஒரு மணிவரை அனுமதி உண்டு.

7. வரப்போகும் பயங்கரவாதத் தடுப்புக் கடமைகள். மார்ட்டின் சட்டம் என்று அழைக்கப்படும் இது 2025 ஏப்ரல் 3இல் அரச ஒப்புதல் பெற்றது. நடைமுறைக்கு வரக் குறைந்தது 24 மாத அவகாசம். 800 பேரோ அதற்கு மேலோ கூடி, வாசலில் டிக்கெட்டோ அழைப்போ சோதிக்கப்படும் நிகழ்ச்சிகளுக்குப் புதிய கடமைகள் வரும். பெரிய விளையாட்டு விழா நடத்தும் சங்கங்கள் இப்போதே படித்துவைத்துக்கொள்வது நல்லது.

கருத்து எழுதும்போது

நீலத் தாளில் குறித்த தேதிக்குள் எழுதுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டார்கள். உங்கள் பெயரும் முகவரியும் விண்ணப்பதாரருக்குத் தெரியவரும் என்பதை அறிந்தே எழுதுங்கள். வீட்டு விலை குறையும், ஊரின் தன்மை கெடும், இப்படிப்பட்ட கூட்டம் நமக்கு வேண்டாம் என்பவை நான்கு நோக்கங்களுக்குள் வராது. "திடலின் மேற்கு எல்லையிலிருந்து என் குழந்தையின் படுக்கையறை இருபது மீட்டரில் இருக்கிறது, சென்ற ஆண்டு விழாவில் ஒன்பது மணிக்கும் ஒலிபெருக்கி அந்தப் பக்கம் திரும்பியே இருந்தது" என்பது வரும். தேதி, நேரம், எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் என்று குறித்துவைத்திருந்தால் இன்னும் நல்லது.

"மறுத்துவிடுங்கள்" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். துணைக்குழு பெரும்பாலும் நிபந்தனையோடு கொடுக்கவே பார்க்கும். என்ன நிபந்தனை வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை எளிது: மது விற்கும் நாட்கள் இத்தனை, விற்பனை முடியும் நேரம் இது, ஒலிபெருக்கி வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், விழாவுக்குப் பதினான்கு நாள் முன் அக்கம்பக்க வீடுகளுக்குத் துண்டறிக்கை, விழா நேரம் முழுக்க எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். விசாரணைக்கு அழைத்தால் நேரில் போய்ப் பேசுங்கள். போக முடியாதவர், தனக்காகப் பேச அண்டை வீட்டாரையோ தன் வார்டு கவுன்சிலரையோ கேட்டுக்கொள்ளலாம்.